வெல்டட் லைன் பைப்பை மில்லில் வைத்துப் பார்த்து வாங்குவது எப்படி

எண்ணெய், எரிவாயு கொண்டுபோகும் லைன் பைப் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் தடவை போகிறவரை மில்லில் என்ன செய்வார்கள் தெரியுமா? ஏ.சி. அறையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, டெஸ்ட் சர்டிஃபிகேட் ஃபைலை முன்னால் வைப்பார்கள். ஃபைல் கச்சிதமாக இருக்கும், எல்லாக் கட்டத்திலும் நம்பர் இருக்கும், எந்த நம்பரும் எல்லையைத் தாண்டியிருக்காது. அதைப் புரட்டி முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும், சாயங்காலம் யார்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையெழுத்து. நானும் முதல் வேலையில் இப்படித்தான் செய்தேன், தப்பித்தது அதிர்ஷ்டம்.

இப்போது நான் செய்வது தலைகீழ். முதலில் யார்டுக்குப் போய் ஏதாவது ஒரு பைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பேன். அதன் நம்பரைக் குறித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பேன். எந்தக் காயிலில் (சுருட்டிய தகட்டில்) வந்தது, எந்த ஹீட் (உலையில் ஒரே தடவையில் உருக்கிய எஃகு), எந்த ஷிஃப்டில் வெல்ட் ஆனது, ஹைட்ரோ (தண்ணீர் அழுத்தச் சோதனை) சார்ட் எங்கே, அல்ட்ராசோனிக் பதிவு எங்கே. உருக்காலை சர்டிஃபிகேட் வரை வழி விடாமல் போக முடிந்தால் அந்த மில்லை நம்பி மற்ற வேலையைத் தொடங்கலாம். நடுவில் எங்காவது வழி அறுந்தால், மீதி எல்லா நம்பரும் வெறும் நம்பர்தான்.

இது மிகை இல்லை. 2010 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் செத்தார்கள். அந்தத் துண்டு 1956-இல் போட்டது. நிறுவனத்தின் பதிவேட்டில் அது தையலே இல்லாத சீம்லெஸ் பைப் என்று இருந்தது. தோண்டி எடுத்துப் பார்த்தால், சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டிச் செய்தது, சில துண்டுகளில் நீள வெல்ட் வெளிப்பக்கம் மட்டும் போட்டு உள்பக்கம் போடவே இல்லை. அரை நூற்றாண்டு காலம் காகிதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது, மண்ணுக்கடியில் வேறொன்று இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு பைப்பையே எடுத்துக்கொள்கிறேன். 457 மி.மீ. விட்டம், அதாவது 18 அங்குலம். 7.9 மி.மீ. கனம், ஏ.பி.ஐ. 5எல் (லைன் பைப்புக்கான அமெரிக்கத் தரநிலை), கிரேடு எக்ஸ்60எம், பி.எஸ்.எல்.2 (அந்தத் தரநிலையின் இரண்டு நிலைகளில் கடுமையானது), எச்.எஃப்.டபிள்யூ. வகை, அதாவது உயர் அதிர்வெண் மின்சாரத்தால் வெல்ட் செய்தது. மில்லில் எல்லோரும் இதை இன்னும் இ.ஆர்.டபிள்யூ. என்றுதான் சொல்வார்கள். எரிவாயு லைனுக்கு ரொம்ப சாதாரணமான பைப். குஜராத்தின் கட்ச் பக்கம் அஞ்சாரில் இருக்கிற மில்களுக்குப் போனவர்களுக்குப் பழக்கமான சரக்கு.

கிளம்புவதற்கு முன்

பர்ச்சேஸ் ஆர்டர், வாங்குபவரின் ஸ்பெசிஃபிகேஷன், இன்ஸ்பெக்‌ஷன் பிளான், இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மூன்றும் ஒன்றையே சொல்லும் என்று நினைக்காதீர்கள். ஏ.பி.ஐ. 5எல் என்பது குறைந்தபட்சம், வாங்குபவர் அதற்கு மேல் நிறையச் சேர்த்திருப்பார். ஸீம் வெல்டுக்கு (பைப்பின் நீள வாட்டத் தையலுக்கு) சார்பி டெஸ்ட் (சாம்பிளைச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்ப்பது), கடினத்தன்மைக்கு உச்ச வரம்பு, ஹைட்ரோவுக்குக் கூடுதல் நொடிகள் எல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும். எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள், ஆர்டரில் ஒரு பதிப்பும் மில்லின் பிளானில் வேறொரு பதிப்பும் இருந்து அதற்காக இரண்டு நாள் மெயில் அனுப்பியிருக்கிறேன்.

பி.எஸ்.எல்.1-க்கும் பி.எஸ்.எல்.2-க்கும் இருக்கிற தூரத்தைப் புரிந்துகொள்ளாமல் போகக் கூடாது. 1-இல் வலிமைக்குக் கீழ் எல்லை மட்டும்தான். 2-இல் மேல் எல்லையும் உண்டு, சார்பி டெஸ்ட் கட்டாயம், கார்பன் ஈக்விவலென்ட் (வெல்டுக்கு எஃகு எவ்வளவு ஒத்துவரும் என்று காட்டும் எண்) கட்டாயம். கந்தகம் 1-இல் 0.030% வரை போகலாம், 2-இல் 0.015% தான். இரண்டும் வெளியே பார்க்க ஒரே கறுப்புப் பைப்தான்.

அப்புறம் பிளானில் எது ஹோல்ட், எது விட்னஸ், எது ரிவ்யூ என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஹோல்ட் என்றால் நீங்கள் வராமல் வேலை நகரக் கூடாது. விட்னஸ் என்றால் கூப்பிடுவார்கள், வரவில்லையென்றால் போய்க்கொண்டே இருப்பார்கள். ரிவ்யூ என்றால் பதிவுகளைப் பார்ப்பது மட்டும். ராத்திரி 2 மணிக்கு விட்னஸ் கால் வரும். அது தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன்.

எஃகு

காயில் வந்து இறங்குகிற இடத்தில் ஹீட் நம்பரையும் காயில் நம்பரையும் உருக்காலை சர்டிஃபிகேட்டோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்60எம் என்றால் கார்பன் அதிகபட்சம் 0.12%, மாங்கனீஸ் 1.60%, பாஸ்பரஸ் 0.025%. கார்பன் 0.12%-க்குள் இருப்பதால் கார்பன் ஈக்விவலென்டுக்கு பி.சி.எம். சூத்திரம்தான் பொருந்தும், எல்லை 0.25. சூத்திரம் இது: கார்பனோடு சிலிக்கானில் 30-இல் ஒரு பங்கு, மாங்கனீஸ், தாமிரம், குரோமியம் மூன்றிலும் 20-இல் ஒரு பங்கு, நிக்கலில் 60-இல் ஒரு பங்கு, மாலிப்டினத்தில் 15-இல் ஒரு பங்கு, வனேடியத்தில் 10-இல் ஒரு பங்கு, போரானில் ஐந்து மடங்கு, எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரு ஹீட்டுக்காவது கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்பன் 0.06, சிலிக்கான் 0.25, மாங்கனீஸ் 1.45, குரோமியம் 0.15 என்று இருந்தால், மற்றவற்றைச் சொற்பமாகச் சேர்த்தால் 0.155 பக்கம் வரும். சர்டிஃபிகேட்டில் 0.19 என்று இருந்தால் ஏதோ ஒரு தனிமத்தை அச்சடிக்க விட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் எக்செலில் சூத்திரம் தப்பு. போரானை அந்த ஐந்து மடங்கில் சேர்க்காமல் விட்ட ஷீட்டும் பார்த்திருக்கிறேன்.

உருக்காலையின் லேடில் பகுப்பாய்வோடு (உருகிய எஃகில் எடுத்தது) நின்றுவிடாதீர்கள். பி.எஸ்.எல்.2-க்கு ஹீட்டுக்கு இரண்டு பிராடக்ட் அனாலிசிஸ் (தகட்டிலோ பைப்பிலோ வெட்டி எடுத்துப் பார்ப்பது) வேண்டும். சாம்பிளில் ஹீட் நம்பரைக் குத்தும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், அதை வெட்டிய பிறகு லேபுக்குப் போகும் வழியில்தான் நம்பர்கள் இடம் மாறும்.

வெல்ட் லைன், இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

தகட்டை ரோலர்களில் வளைத்து, இரண்டு விளிம்பையும் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் பழுக்கச் சூடாக்கி, அழுத்தி ஒட்டுகிறார்கள். எலெக்ட்ரோடு கிடையாது, நிரப்பு உலோகம் கிடையாது. விளிம்பில் இருந்த ஆக்சைடும் அழுக்கும் அந்த அழுத்தத்தில் வெளியே பிதுங்கி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதுதான் பெனட்ரேட்டர். சூடு போதாவிட்டால் பார்க்க ஒட்டியது மாதிரி இருக்கும், உண்மையில் ஒட்டியிருக்காது. அது கோல்டு வெல்ட். எஃகுக்குள் தட்டையாகக் கிடந்த அசுத்தம் அழுத்தத்தில் மேல்நோக்கி வளைந்து தூண்டில் முள் மாதிரி விரிசலாகிவிட்டால் அது ஹுக் கிராக். 2013 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் மேஃப்ளவர் ஊரில் பெகாசஸ் கச்சா எண்ணெய்க் குழாய் கிழிந்து வீதியெல்லாம் எண்ணெய் ஓடியதே, அது 1940-களில் பழைய குறைந்த அதிர்வெண் முறையில் செய்த பைப், காரணம் இந்த ஹுக் கிராக்தான். இன்றைய முறை அதைவிட ரொம்ப மேல். ஆனால் இயற்பியல் மாறவில்லை, அசுத்தமான எஃகும் சூடு குறைந்த வெல்டும் சேர்ந்தால் இன்றும் அதே கதிதான்.

எனவே லைன் ஓடும்போது வெல்டிங் பவர், லைன் வேகம், வெல்ட் வெப்பநிலை, மூன்றையும் அங்கீகரித்த புரொசீஜர் எண்களோடு ஒப்பிடுங்கள். லைன் நின்று மறுபடி ஓடிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் வெல்ட் சரியாக இருக்க வாய்ப்பே இல்லை, அந்தத் துண்டு வெட்டி எறியப்பட்டதா என்று பின்னால் சரிபார்க்க வேண்டும். ஒரு காயிலின் வாலையும் அடுத்த காயிலின் தலையையும் சேர்க்கும் குறுக்கு வெல்டும் அப்படித்தான். நீள ஸீம் உள்ள பைப்பில் அது முடிந்த சரக்கில் இருக்கவே கூடாது.

வெல்ட் ஆனவுடன் ஸீமை மறுபடி சூடாக்குவார்கள். இது ஸீம் அனீலிங். வெல்ட் கோட்டில் எளிதில் நொறுங்கும் கடினமான அமைப்பைச் சரிசெய்ய. பி.எஸ்.எல்.2-க்கு ஸீமின் முழுக் கனத்துக்கும், வெளித்தோலிலிருந்து உள்தோல் வரைக்கும் இந்தச் சூடு இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதா என்று எப்படித் தெரியும்? ஷிஃப்டுக்கு ஒன்றாவது, அளவோ கிரேடோ மாறும்போதும், குறுக்கே வெட்டிப் பாலிஷ் போட்டு ஆசிடில் எட்ச் செய்து பார்ப்பார்கள். அந்த மேக்ரோவை, அதாவது எட்ச் செய்த வெட்டுமுகத்தை, லேப் ரிப்போர்ட்டில் உள்ள போட்டோவாகப் பார்க்காதீர்கள், சாம்பிளையே கையில் வாங்கிப் பாருங்கள்.

ஒரு மில்லில், பெயர் வேண்டாம், எனக்குக் காட்டிய போட்டோவில் சூடான பகுதி அழகாக நடுவில் வெல்ட் கோட்டோடு இருந்தது. சாம்பிளைக் கேட்டேன், இழுத்தடித்துக் கொடுத்தார்கள். கையில் வைத்துப் பார்த்தால் சூடான பட்டை ஒரு பக்கமாக நகர்ந்து கிடக்கிறது, வெல்ட் கோட்டின் உள்பக்கக் கால்வாசிக்குச் சூடே படவில்லை. என்ன ஆச்சு என்றால், வெல்டரிலிருந்து அனீலருக்கு வருவதற்குள் பைப் மெல்ல முறுக்கிக்கொள்ளும். ஸீம் மேல் உச்சியை விட்டுப் பத்துப் பதினைந்து மி.மீ. விலகிவிடும். ஆபரேட்டர் சூடேற்றும் மின்காயிலை நகர்த்தி ஸீமைப் பின்தொடர வேண்டும். அன்றைக்கு ராத்திரி ஷிஃப்டில் அந்த இடத்தில் ஆளே இல்லை. போட்டோ முந்தைய வாரத்துடையது. அந்த ஷிஃப்ட் முழுவதையும் ஒதுக்கி வைத்தோம், சூடு மறுபடி கொடுத்து மறுபடி டெஸ்ட் செய்த பிறகுதான் விடுவித்தேன். அன்றிலிருந்து ராத்திரி 3 மணிக்கு அனீலர் பக்கம் சும்மா நடந்துவிட்டு வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மேக்ரோவில் இன்னொன்றும் பாருங்கள். வெல்ட் கோட்டின் இரண்டு பக்கமும் எஃகின் வரிகள் மேலும் கீழும் வளைந்து போகும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருந்தால் அழுத்தம் சமம். ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் படுத்தும் கிடந்தால் விளிம்புகள் நேருக்கு நேர் உட்காரவில்லை என்று பொருள்.

உடைக்கும் டெஸ்ட்கள்

எச்.எஃப்.டபிள்யூ. பைப்புக்கு எனக்குப் பிடித்த டெஸ்ட் ஃப்ளாட்டனிங். கருவி எளிது, ஏமாற்ற முடியாது. வளையத்தை வெட்டி, ஸீமைப் பக்கவாட்டில் ஒரு தடவையும் மேலே ஒரு தடவையும் வைத்து நசுக்குவார்கள். நம் பைப்புக்குத் தட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் விட்டத்தில் பாதி, அதாவது 228.5 மி.மீ. ஆகும் வரை வெல்ட் திறக்கக் கூடாது. விட்டத்தில் 33%, சுமார் 151 மி.மீ. வரை வெல்டுக்கு வெளியே எங்கும் விரிசலோ முறிவோ வரக் கூடாது. காயிலின் இரு முனையிலிருந்தும், வெல்டிங் நடுவில் நின்ற இடத்தின் இருபக்கமும் எடுக்க வேண்டும். நசுக்கும்போது கேட்கும் சத்தத்தையும் கவனியுங்கள், ஒரு சின்ன 'டிக்' கேட்டால் நிறுத்தச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள்.

இழுவிசை டெஸ்டில் ஈல்டு (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடம்) 415-இலிருந்து 565 மெகாபாஸ்கல் வரை, டென்சைல் (அது தாங்கும் உச்சம்) 520-இலிருந்து 760 வரை. இதைப் பார்த்து டிக் அடித்துவிட்டு இரண்டுக்கும் உள்ள விகிதத்தை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அது 0.93-ஐத் தாண்டக் கூடாது. ஈல்டு 500, டென்சைல் 530 என்று வந்தால் இரண்டும் தனித்தனியே பாஸ், ஆனால் விகிதம் 0.943, பைப் ஃபெயில்.

இந்த அளவு பைப்பில் குறுக்கு வாட்டத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும். வளைந்த துண்டை அடித்துத் தட்டையாக்கித்தான் இழுப்பார்கள். அப்படி எதிர்த்திசையில் வளைத்துத் தட்டையாக்கும்போது எஃகின் ஈல்டு கொஞ்சம் குறைந்து தெரியும். இதை பாஷிங்கர் விளைவு என்பார்கள். ஈல்டு 410 வந்தால் மில்காரர் உடனே இதைச் சொல்வார், பாதி நேரம் அது உண்மையும்கூட. அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, டெஸ்டில் வந்த எண்தான் எண். வேண்டுமானால் வளையத்தை முழுதாக வைத்து விரிக்கும் ரிங் எக்ஸ்பேன்ஷன் முறைக்குப் போகலாம், அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், ஃபெயில் ஆன பிறகு அல்ல.

சாம்பிளைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், மில் அல்ல. 2009-இல் அமெரிக்கப் பைப்லைன் பாதுகாப்பு அமைப்பான பி.எச்.எம்.எஸ்.ஏ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. புதிதாகப் பதித்த உயர் வலிமைக் குழாய்களில் சில, சர்டிஃபிகேட்டில் சொன்ன வலிமை இல்லாமல் விரிந்துபோயிருந்தன. நூறு பைப்புக்கு ஒன்றை இழுத்துப் பார்த்து மீதி 99-ஐ நம்புகிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும், அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கை யாருடையது என்பதுதான் விஷயம்.

சார்பியில் ஒரு சின்னப் பொறி. முழு அளவு சாம்பிள் 10 மி.மீ. கனம், நம் பைப்போ 7.9. ஆகவே சின்னச் சாம்பிள்தான் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு அளவு எடுத்தால் 27 ஜூல் என்ற தேவையும் அதே விகிதத்தில் 18 ஜூலாக இறங்கும். தனி ஒரு சாம்பிள் அதில் 75%-க்குக் கீழே, அதாவது 13.5-க்குக் கீழே போகக் கூடாது. ரிப்போர்ட்டில் சாம்பிள் அளவு எழுதாமல் ஜூல் மட்டும் எழுதியிருந்தால் அந்த நம்பருக்கு அர்த்தமே இல்லை. டெஸ்ட் வெப்பநிலை 0 டிகிரி, வாங்குபவர் அதைவிடக் குளிர்ச்சியாகக் கேட்டிருக்கலாம்.

ஏதாவது டெஸ்ட் ஃபெயில் ஆனால் அதே லாட்டிலிருந்து இன்னும் இரண்டு பைப்பில் டெஸ்ட். இரண்டும் பாஸ் என்றால் முதலில் ஃபெயில் ஆன பைப்பைத் தவிர மற்றதெல்லாம் பாஸ். ஒன்றாவது ஃபெயில் என்றால் லாட்டில் உள்ள ஒவ்வொரு பைப்பையும் தனித்தனியாக டெஸ்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் லாட்டே ரிஜெக்ட். "இன்னொரு தடவை பார்த்துடலாம் சார்" என்ற மூன்றாவது வழி கிடையாது.

ஹைட்ரோ

கணக்கு ரொம்ப எளிது, நீங்களே போடுங்கள். பைப் சுவரில் வர வேண்டிய தகைவை (ஸ்ட்ரெஸ்) இரண்டு மடங்காக்கி, கனத்தால் பெருக்கி விட்டத்தால் வகுக்க வேண்டும். நம் விட்டத்துக்கு அந்தத் தகைவாகக் குறைந்தபட்ச ஈல்டில் 85% எடுக்க வேண்டும். 415-இல் 85% என்றால் 352.75. அதை 2-ஆலும் 7.9-ஆலும் பெருக்கி 457-ஆல் வகுத்தால் 12.2 மெகாபாஸ்கல், சுமார் 122 பார். 508 மி.மீ.-யும் அதற்கு மேலும் போனால் 90% ஆகும்.

நிறுத்தி வைக்கும் நேரம் 457 வரை 5 நொடி, அதைத் தாண்டினால் 10 நொடி. நம் பைப் சரியாக எல்லையில் நிற்கிறது பாருங்கள், மில் 5 நொடிதான் வைக்கும். வாங்குபவர் 10 அல்லது 15 கேட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரஷர் கேஜ் நாலு மாதத்துக்குள் கேலிபரேட் ஆகியிருக்க வேண்டும், ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல் சீரியல் நம்பரை சர்டிஃபிகேட்டோடு பாருங்கள். சார்ட்டில் பைப் நம்பர், அழுத்தம், நேரம் மூன்றும் தெரிய வேண்டும். நூறு பைப்பின் சார்ட் கோடும் ஒரே அச்சாக இருந்தால் சந்தேகப்படுங்கள், நிஜ பம்ப் அவ்வளவு ஒழுக்கமாக ஓடாது.

அல்ட்ராசோனிக்

பி.எஸ்.எல்.2-இல் ஸீமின் இறுதி அல்ட்ராசோனிக் ஹைட்ரோவுக்குப் பிறகுதான். அழுத்தத்தில் திறந்துகொண்ட விரிசலும் மாட்ட வேண்டும் என்பதற்காக. வரிசையை மாற்றி ஓட்டினால் அதற்கு அர்த்தம் போய்விடும்.

இங்கே ரெஃபரன்ஸ் பைப் என்று ஒன்று இருக்கும். அதில் வேண்டுமென்றே வெட்டிய காடியும் துளையும் இருக்கும். மெஷின் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று ஷிஃப்டுக்கு ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும், பல வாங்குபவர்கள் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்பார்கள். உற்பத்தி வேகத்திலேயே ஓட்டச் சொல்லுங்கள், ஆமை வேகத்தில் ஓட்டினால் எந்த மெஷினும் கண்டுபிடிக்கும். ஒரு செக்கில் காடியைப் பிடிக்கவில்லை என்றால், கடைசியாகச் சரியாகப் பிடித்த செக்குக்குப் பிறகு போன எல்லாப் பைப்பும் திரும்பி வர வேண்டும். இதில் பேரம் கிடையாது.

ஆட்டோமேட்டிக் மெஷினுக்குப் பைப்பின் இரு முனையிலும் கொஞ்ச தூரம் கண் தெரியாது. அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும், இல்லையென்றால் கையால் புரோப் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபீல்டில் வெல்ட் போடப் போவது அந்த முனையில்தான், அதனால் கையால் பார்க்கிற ஆளுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். சாயங்காலம் களைப்பில் புரோபைத் துணி துடைக்கிற மாதிரி ஓட்டுவார்கள்.

ஃபைனல் பெஞ்ச்

வெளிச்சம் முதலில். 300 லக்ஸ் வேண்டும். மழைக்காலச் சாயங்காலத்தில் ஷெட்டுக்குள் அது இருக்காது, லக்ஸ் மீட்டர் இல்லையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. உள்பக்கம் பார்க்க நல்ல டார்ச், குனிந்து பார்க்க மனசு.

விட்டத்தை பை டேப்பால் அளப்பார்கள். முனையில் 100 மி.மீ. தூரத்துக்குள் எல்லை இறுக்கம். 0.5% என்று கணக்குப் போட்டால் 2.3 மி.மீ. வரும், ஆனால் உச்ச வரம்பு 1.6. எனவே முனையில் 455.4-இலிருந்து 458.6 வரை, உடலில் கூடுதல் குறைவு 3.2. கட்சில் மே மாதம் வெயிலில் கிடந்த பைப் 60 டிகிரிக்குப் போய்விடும். 35 டிகிரி கூடினால் இந்த விட்டம் சுமார் 0.2 மி.மீ. பெருக்கும். எல்லை ஓரத்தில் நிற்கிற பைப்பை நிழலில் வைத்து அளப்பது நல்லது, டேப்பும் பைப்பும் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

பை டேப் வட்டத்தைச் சொல்லாது, சுற்றளவைத்தான் சொல்லும். முட்டை வடிவில் இருக்கிற பைப்பும் பை டேப்பில் பாஸ் ஆகும். அதனால் ஓவாலிட்டியைத் தனியாக அளக்க வேண்டும். மிகப் பெரிய விட்டத்துக்கும் மிகச் சிறிய விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் முனையில் 6.9 மி.மீ.-க்குள். ஃபீல்டில் இரண்டு பைப்பைச் சேர்க்கும் ஃபிட்டர் உங்களைத் திட்டுவதும் திட்டாததும் இந்த ஒரு அளவில்தான் இருக்கிறது.

கனம் 10% கூடலாம், 10% குறையலாம், ஆக 7.11 முதல் 8.69 வரை. சீம்லெஸ் பைப்பின் 12.5%-ஐ மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் அதை இங்கேயும் போட்டுவிடுவார்கள், வெல்டட் பைப்புக்கு அது செல்லாது. ஸீமின் மேல் தனியாக அளவெடுங்கள். வெளிப்பக்கப் பிசிறை வழவழவென்று சீவியிருக்க வேண்டும், உள்பக்கப் பிசிறு 1.5 மி.மீ.-க்கு மேல் துருத்தக் கூடாது. சீவும் கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் பள்ளம் விழும், இந்தக் கனத்துக்கு அது 0.4 மி.மீ. வரைதான். கத்தி மாற்றிய உடனே வரும் முதல் சில பைப்பில் இதைப் பார்க்கலாம்.

பைப் நேராக இருக்கிறதா என்று நூல் கட்டிப் பாருங்கள், 12 மீட்டர் பைப்புக்கு விலகல் 24 மி.மீ. வரைதான். பெவல் (ஃபீல்டு வெல்டுக்காக முனையில் சீவிய சரிவு) 30-இலிருந்து 35 டிகிரி, ரூட் ஃபேஸ் (சரிவின் அடியில் சீவாமல் விடும் விளிம்பு) 0.8-இலிருந்து 2.4 மி.மீ., முனை சதுரத்திலிருந்து விலகுவது 1.6 மி.மீ.-க்குள். பெவல் முகத்தைக் கையால் தடவுங்கள். அங்கே 6.4 மி.மீ.-க்கு மேல் லேமினேஷன் கோடு (தகடு அடுக்காகப் பிரிந்த கோடு) தெரிந்தால் வெட்டி மறுபடி பெவல் போட வேண்டும். காந்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள், நாலு பக்கமும் காஸ் மீட்டர் வைத்துச் சராசரி 30, எந்த ஒன்றும் 35-ஐத் தாண்டக் கூடாது. மேக்னெட் கிரேனில் தூக்கிய பைப் அடிக்கடி இதில் மாட்டும். ஃபீல்டில் ஆர்க் ஒரு பக்கமாக ஓடும், வெல்டர் பாவம்.

டென்ட் (நசுங்கல்) என்றால் 6.4 மி.மீ. ஆழம் வரை, அதன் அடியில் கூரான கீறல் இருந்தால் 3.2. ஆர்க் பர்ன் (மின்பொறி பட்டுச் சுட்ட தழும்பு) எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குறைதான். கிரைண்டர் போட்டு மினுக்கிவிட்டு "போயிடுச்சு சார்" என்பார்கள். கண்ணுக்குப் போயிருக்கும், கீழே கடினமான பகுதி அப்படியே இருக்கும். 10% அமோனியம் பெர்சல்ஃபேட்டோ 5% நைட்டாலோ தடவிப் பாருங்கள், இருந்தால் கறுத்துத் தெரியும். முழுதாகப் போகும் வரை அரைத்துவிட்டுக் கனத்தை அளக்க வேண்டும், 7.11-க்குக் கீழே போனால் அந்தத் துண்டு போச்சு. பி.எஸ்.எல்.2 பைப்பின் உடலில் வெல்ட் போட்டுச் சரிசெய்வதற்கு அனுமதியே இல்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த திட்டு யார்டில் தெரிந்தால் முதலில் அதைச் சுரண்டுங்கள்.

எடை, மார்க்கிங், அடுக்குவது

எடையைக் கடைசியில் ஒரு குறுக்குச் சோதனையாக வைத்துக்கொள்வேன். விட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, அதைக் கனத்தாலும் 0.02466-ஆலும் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். நமக்கு 87.5. 12 மீட்டருக்கு 1,050 கிலோ. தனிப் பைப் 3.5% வரை குறையலாம், 10% வரை கூடலாம், மொத்த லாட் 1.75%-க்கு மேல் குறையக் கூடாது. கனத்தை நூறு இடத்தில் அளந்தும் சரியாக வந்து, எடை மட்டும் எல்லாப் பைப்பிலும் 1.5% குறைந்தே வந்தால் ஒன்று தராசு தப்பு, இல்லையென்றால் தகடு திட்டமிட்டு மெலிவாக வாங்கியது. தப்பு என்று சொல்ல முடியாது, எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் டன் கணக்கில் வாங்குகிறீர்களா, மீட்டர் கணக்கில் வாங்குகிறீர்களா என்று ஆர்டரைத் திறந்து பார்க்க இது நல்ல நேரம்.

மார்க்கிங்கில் தயாரிப்பாளர், ஏ.பி.ஐ. 5எல், விட்டம், கனம், கிரேடு, பி.எஸ்.எல்., வகை, பைப் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். உள்பக்க ஸ்டென்சிலும் வெளிப்பக்க ஸ்டென்சிலும் ஒரே நம்பர்தானா என்று பாருங்கள். கோட்டிங் போட்டால் வெளிப்பக்கம் மறைந்துவிடும், அப்புறம் உள்பக்கத்தில் இருப்பதுதான் பைப்பின் பெயர். டேலி ஷீட்டில் உள்ள நீளங்களைக் கூட்டிப் பாருங்கள், பத்துக்கு ஒரு பைப்பாவது நீங்களே டேப் பிடித்து அளந்திருக்க வேண்டும்.

ரிஜெக்ட் ஆனதில் சிவப்புப் பெயின்டால் குறுக்குக் கோடு போட்டு, ஸ்டென்சிலை அரைத்து அழிக்கச் சொல்லிவிட்டு, அது நடக்கும்போது அங்கேயே நில்லுங்கள். "நாளைக்கு அழிச்சிடறோம்" என்ற பைப் மூன்று மாதம் கழித்து வேறு யாருடைய லைனிலாவது போய்ப் படுத்திருக்கும்.

விடுவிப்புக் குறிப்பில் பைப் நம்பர்களைத் தனித்தனியாக எழுதுங்கள், "1 முதல் 240 வரை" என்று எழுதாதீர்கள், நடுவில் நீங்கள் ஒதுக்கிய 11 பைப்பும் அதற்குள் வந்துவிடும். முனை மூடிகள் போட்ட பிறகு லாரியில் அடுக்கும்போது ஸீம் அடுத்த பைப்பின் மேலோ கட்டையின் மேலோ உட்காராமல் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், நீண்ட பயணத்தின் குலுக்கலில் அங்கேதான் களைப்பு விரிசல் தொடங்கும். இரும்புச் சங்கிலியை நேராகப் போட்டால் உங்கள் கண்ணெதிரே டென்ட் விழும், இடையில் ரப்பரோ நைலான் பெல்ட்டோ கேளுங்கள். கட்சிலிருந்து தமிழ்நாட்டு யார்டுக்கு வந்து இறங்கும்போது வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பெவல் முனையைத்தான், அங்கே அடிபட்டிருந்தால் மில்லில் நீங்கள் கண்விழித்த இரவுகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.